லைட்டும் தண்ணியும் எங்கிருந்து வருது? வளையமாதேவியைச் சுற்றி 3 நாள் கார் பயணம்: எங்கே நிற்கலாம், என்ன சாப்பிடலாம், எதைத் தவறவிடக் கூடாது?

சென்னையிலிருந்து கும்பகோணம், தஞ்சாவூர் பக்கம் காரில் போறவங்களில் பலர் விக்கிரவாண்டியில் திரும்பி பண்ருட்டி, வடலூர், சேத்தியாத்தோப்பு வழியாகத்தான் போவாங்க. நடுவில் ஒரு டீ, ஒரு முந்திரி பாக்கெட். அதைத் தாண்டி இந்த ஊர்களில் யாரும் அதிகம் நிற்பதில்லை.

ஆனா தமிழ்நாட்டில் சுவிட்ச் போட்டதும் எரியும் விளக்கில் ஒரு பங்கு இந்த மண்ணிலிருந்து வருகிறது. சென்னையில் குழாயைத் திறந்தால் வரும் தண்ணீரிலும் ஒரு பங்கு இங்கிருந்துதான் போகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கிற ஊர்தான் வளையமாதேவி. 2023-ல் நெல் வயலுக்குள் பொக்லைன் இறங்கிய காட்சியை டிவியில் பார்த்தவர்களுக்கு இந்தப் பெயர் மறந்திருக்காது.

இந்த ஊரை நடுவில் வைத்து, பண்ருட்டியில் தொடங்கி பிச்சாவரத்தில் முடிகிற சுமார் 200 கி.மீ. பயணத்தை இங்கே பார்க்கலாம். கோயில், ஏரி, சாப்பாடு எல்லாம் உண்டு. கூடவே, நம்ம வீட்டு கரண்ட்டுக்கும் தண்ணிக்கும் பின்னால் என்ன இருக்கு என்பதும் தெரிந்துவிடும்.

எந்த மாதத்தில் போகலாம்?

பலாப்பழம்தான் முக்கியம் என்றால் மே முதல் ஜூலை வரை போகலாம். வெயில் கடுமையாக இருக்கும். பகல் 12 முதல் 4 மணி வரை வெளியே சுற்றும் வேலை வைத்துக்கொள்ள வேண்டாம்.

ஏரி நிறைந்திருக்கணும், வயல் பச்சையா இருக்கணும் என்றால் ஜனவரி, பிப்ரவரி சரியான நேரம். தைப்பூசமும் இந்தச் சமயத்தில்தான் வரும். அன்று வடலூரில் பெரும் கூட்டம் இருக்கும். கூட்டத்தோடு சேர்ந்து ஜோதி தரிசனம் பார்க்க விரும்பினால் அன்று போங்க, ஊரை நிதானமாகப் பார்க்க நினைத்தால் அந்த வாரத்தைத் தவிர்த்துவிடுங்க.

அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. கடலூர் மாவட்டத்துக்கு புயலும் வெள்ளமும் புதிதல்ல. அந்த நேரத்தில் கிளம்பினால் வானிலை அறிவிப்பைப் பார்த்துட்டு கிளம்புவது நல்லது.

முதல் நாள்: பண்ருட்டி, நெய்வேலி, வடலூர், விருத்தாசலம்

பண்ருட்டி

காலை 8 மணிக்குள் பண்ருட்டி வந்துவிட்டால் முதலில் திருவதிகை. ஊரை ஒட்டியே இருக்கிற வீரட்டானேஸ்வரர் கோயில், அட்ட வீரட்டானத் தலங்களில் ஒன்று. சமண சமயத்தில் இருந்த திருநாவுக்கரசர், சூலை நோயால் துடித்து, தமக்கை திலகவதியாரைத் தேடி வந்து மீண்டும் சைவத்துக்குத் திரும்பியது இங்கேதான் என்பது பெரிய புராணம் சொல்லும் வரலாறு. அவர் பிறந்த திருவாமூரும் பண்ருட்டிக்குப் பக்கத்து ஊர்தான்.

அடுத்து பலா. சீசனில் சாலையோரமே மலை மாதிரி குவித்து வைத்திருப்பாங்க. முழுப் பழம் வாங்குறதா இருந்தா மூணு விஷயம் பாருங்க. முள் நெருக்கமாக இல்லாமல் விரிந்திருக்கணும். தட்டினால் 'டொப் டொப்' என்று மந்தமான சத்தம் வரணும். காம்புப் பக்கம் வாசனை வரணும். வாசனை வந்துவிட்ட பழத்தை மூடிய காரில் மூணு நாள் வைத்துக்கொண்டு சுற்ற முடியாது. அதனால் போகும்போது சுளையாக வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, திரும்பி வரும்போது முழுப் பழம் வாங்குவதே புத்திசாலித்தனம்.

பண்ருட்டி தாண்டினால் காடாம்புலியூர் பக்கம் இரண்டு புறமும் முந்திரித் தோப்பு. முந்திரி வாங்கும்போது முழுப் பருப்பு, இரண்டாக உடைந்தது, குருணை என்று தரம் பிரித்து விலை சொல்வாங்க. பாயசத்துக்கும் சமையலுக்கும் உடைத்த பருப்பே போதும், விலையும் குறைவு.

நெய்வேலி

1930-களில் ஜம்புலிங்க முதலியார் என்பவர் நிலத்தில் தண்ணீருக்காகத் தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளியே வந்தது. அதுதான் பழுப்பு நிலக்கரி. 1956-ல் நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனம் உருவானது. 1957 மே மாதம் பிரதமர் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தார். 1962-ல் மின் உற்பத்தி ஆரம்பம். சோவியத் உதவியோடு கட்டப்பட்ட அந்த முதல் அனல்மின் நிலையம் 2020-ல் நிறுத்தப்பட்டது. இப்போது மற்ற நிலையங்களிலிருந்து தமிழ்நாடு மட்டுமல்லாமல் புதுச்சேரி, கேரளா, கர்நாடகா போன்ற பக்கத்து மாநிலங்களுக்கும் மின்சாரம் போகிறது. நிறுவனத்தின் இப்போதைய பெயர் என்எல்சி இந்தியா.

நகரியத்துக்குள் போனால் தெருப் பெயர் தேடாதீங்க. இங்கே எல்லாம் 'வட்டம்' கணக்குதான். பேச்சில் 'பிளாக்' என்பார்கள். அகலமான சாலை, இரு பக்கமும் பெரிய மரங்கள், வரிசையாகக் குடியிருப்புகள். வழக்கமாக ஜூலையை ஒட்டி நடக்கும் நெய்வேலி புத்தகக் கண்காட்சி பிரபலமானது. அந்தச் சமயத்தில் போனால் மாலை நேரத்தை அதற்கு ஒதுக்கலாம்.

சுரங்கத்துக்குள் போக முடியுமா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. முன் அனுமதி இல்லாமல் முடியாது. தூரத்தில் தெரியும் பெரிய மண்மேடுகள்தான் உங்களுக்கான முதல் அடையாளம். நிலக்கரிக்கு மேலே இருந்த மண்ணை வெட்டி எடுத்துக் கொட்டிய மேடுகள் அவை. அந்த மேடு இருக்கிறது என்றால், அதே அளவுக்கு எங்கேயோ ஒரு பள்ளம் இருக்கிறது என்று அர்த்தம். அந்தப் பள்ளம் இருக்கும் இடத்தில் முன்பு ஊர்களும் வயல்களும் இருந்தன.

வடக்குத்து

நெய்வேலி ஆர்ச் கேட்டை ஒட்டிய வடக்குத்து, சுற்றுலா வரைபடத்தில் இருக்காது. ஆனா சென்னைக்காரங்க ஒரு நிமிஷம் வண்டியை மெதுவாக்க வேண்டிய இடம். வீராணம் ஏரித் தண்ணீர் சேத்தியாத்தோப்பிலிருந்து இங்கே வந்து, சுத்திகரிக்கப்பட்டு, 200 கி.மீ.க்கு மேல் குழாயில் பயணித்து சென்னை போரூருக்குப் போகிறது. 2004-ல் செயல்பாட்டுக்கு வந்த திட்டம் இது. நாளொன்றுக்கு 18 கோடி லிட்டர் என்பது திட்டத்தின் கணக்கு. சென்னையில் கடும் தட்டுப்பாடு வந்தபோது நெய்வேலி சுரங்கத்தில் இறைக்கும் தண்ணீரையும் இந்தக் குழாயில் சேர்த்து அனுப்பியிருக்கிறார்கள்.

வடலூர்

மதியத்துக்கு வடலூர் வந்துவிடுங்க. சாப்பாட்டுக்கு ஓட்டல் தேட வேண்டாம். 1867 மே 23-ம் தேதி வள்ளலார் தொடங்கிய சத்திய தருமச்சாலையில் அன்று மூட்டிய அடுப்பு இன்றுவரை அணையவில்லை. மூன்று வேளையும் சாப்பாடு உண்டு. யார், எந்த ஊர், என்ன சாதி என்று யாரும் கேட்க மாட்டாங்க. இலையில் வீணாக்காமல் சாப்பிட்டு, முடிந்தால் அரிசியோ பருப்போ கொடுத்துட்டு வரலாம்.

பக்கத்திலேயே எண்கோண வடிவில் சத்திய ஞான சபை. 1872 தைப்பூசத்தில் முதல் ஜோதி தரிசனம் நடந்தது. ஏழு திரைகளை நீக்கிக் காட்டும் முழு தரிசனம் தைப்பூசத்தன்று. மாதப் பூசத்தன்றும் தரிசனம் உண்டு. வள்ளலார் சித்தி பெற்ற மேட்டுக்குப்பம், சில கி.மீ. தூரம்தான்.

விருத்தாசலம்

வடலூரிலிருந்து மந்தாரக்குப்பம் வழியாக மேற்கே போனால் விருத்தாசலம், சுமார் ஒரு மணி நேரம். மாலையில் பழமலைநாதர் கோயில் பார்க்கலாம். விருத்தகிரீஸ்வரர் என்றும் சொல்வார்கள். 'விருத்தம்' என்றால் பழமை, 'அசலம்' என்றால் மலை. பழமலை என்ற தமிழ்ப் பெயரும் விருத்தாசலம் என்ற வடமொழிப் பெயரும் ஒரே அர்த்தம்தான். இந்தக் கோயிலில் எல்லாமே ஐந்து என்று ஊர்க்காரங்க எண்ணிக் காட்டுவாங்க: ஐந்து கோபுரம், ஐந்து கொடிமரம், ஐந்து தேர் என்று பட்டியல் நீளும்.

அருகில் மணவாளநல்லூரில் கொளஞ்சியப்பர் கோயில். இங்கே 'பிராது கட்டுதல்' என்ற வழக்கம் உண்டு. கடன் வாங்கியவன் தரவில்லை, நிலத் தகராறு, திருட்டு என எந்தக் குறையாக இருந்தாலும் மனுவாக எழுதி முருகனிடம் கட்டிவிடுவார்கள். காரியம் முடிந்ததும் வந்து பிராதைத் திரும்ப வாங்கிக்கொள்வதும் உண்டு.

விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்கும் பெயர் போனது. அகல் விளக்கு, பொம்மை வாங்கலாம். இரவு இங்கேயோ, நெய்வேலிக்குத் திரும்பியோ தங்கலாம்.

இரண்டாம் நாள்: வளையமாதேவி, வீராணம், காட்டுமன்னார்கோவில், கங்கைகொண்ட சோழபுரம்

வளையமாதேவியில் என்ன நடந்தது?

காலையில் விருத்தாசலத்திலிருந்து சேத்தியாத்தோப்பு சாலையில் வந்தால், சேத்தியாத்தோப்புக்குச் சில கி.மீ. முன்பாக வளையமாதேவி. மேல், கீழ் என்று இரண்டு ஊர்கள். டிக்கெட் கவுன்டரோ பெயர்ப்பலகை வைத்த 'வியூ பாயின்ட்'டோ கிடையாது. ஆனா இந்தப் பயணத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இது.

2023 ஜூலை 26 அன்று, என்எல்சியின் இரண்டாவது சுரங்க விரிவாக்கத்துக்காகப் பரவனாற்றை மாற்றிவிடும் கால்வாய் வெட்ட, போலீஸ் பாதுகாப்போடு இங்கே இயந்திரங்கள் இறங்கின. கதிர் பிடித்து நின்ற நெற்பயிருக்கு மேலேயே கால்வாய் வெட்டப்பட்டது. இரண்டு நாள் கழித்து, ஜூலை 28-ல் நெய்வேலியில் பாமக நடத்திய முற்றுகைப் போராட்டம் கலவரத்தில் முடிந்தது.

என்எல்சி தரப்பு சொன்னது: இந்த நிலங்கள் பல ஆண்டுகளுக்கு முன்பே கையகப்படுத்தப்பட்டு, பணமும் கொடுக்கப்பட்டுவிட்டது. கால்வாய் தாமதமானால் சுரங்கமும் மின் உற்பத்தியும் பாதிக்கும்.

விவசாயிகள் தரப்பு சொன்னது: அன்று கொடுத்த தொகை இன்றைய மதிப்புக்கு ஈடாகாது. நிலம் கொடுத்த குடும்பத்துக்கு நிரந்தர வேலை வேண்டும். அறுவடை வரைக்குமாவது பொறுத்திருக்கலாமே?

வழக்கு சென்னை உயர் நீதிமன்றம் போனது. பயிர் சேதத்துக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் இழப்பீடு வழங்க உத்தரவு வந்தது. மீதி வயல்களில் செப்டம்பர் 15-க்குள் அறுவடையை முடித்து நிலத்தை ஒப்படைக்க அவகாசம் தரப்பட்டது.

அதே ஆண்டு ஏப்ரலில் இன்னொரு சர்ச்சையும் வந்தது. மத்திய அரசின் நிலக்கரி ஏலப் பட்டியலில் சேத்தியாத்தோப்புக்குக் கிழக்குப் பகுதி, மைக்கேல்பட்டி, வடசேரி ஆகிய மூன்றும் இருந்தன. எதிர்ப்பு கிளம்பியதும் மூன்றும் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன.

இங்கே போகும்போது சில விஷயங்களைக் கவனத்தில் வைத்துக்கோங்க. சாலையோரம் நின்று பாருங்க. பயிர் இருக்கும் வயலில் இறங்க வேண்டாம். சுரங்கப் பகுதியில் ட்ரோன் பறக்கவிடுவது, வேலி தாண்டுவது எல்லாம் வம்பில் முடியும். டீக்கடையில் பேச்சுக் கொடுத்தால் ஊர்க்காரங்களே சொல்வாங்க. நிலம் கொடுத்தவர், கொடுக்க மறுத்தவர், என்எல்சியில் வேலை பார்ப்பவர் என மூணு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். அதனால் யார் பக்கம் சரி என்ற விவாதத்தை நீங்க ஆரம்பித்து வைக்க வேண்டாம். கேட்டுக்கொண்டால் போதும். அனுமதி வாங்காமல் யாரையும் செல்போனில் வீடியோ எடுக்காதீங்க.

சேத்தியாத்தோப்பு

வெள்ளாற்றின் கரையில் இருக்கும் ஊர். குறுக்கே அணைக்கட்டு இருக்கிறது. நான்கு பக்கமும் சாலை பிரிகிற இடம் என்பதால் பெட்ரோல், டிபன், தண்ணீர் பாட்டில் எல்லாம் இங்கேயே முடித்துக்கொள்ளலாம்.

வீராணம் ஏரி

சேத்தியாத்தோப்பிலிருந்து தெற்கே போனால் வீராணம். பத்தாம் நூற்றாண்டில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய ஏரி. அவனுடைய பட்டப்பெயரான 'வீரநாராயணன்' என்பதிலிருந்து வந்த வீரநாராயணன் ஏரி, பேச்சில் தேய்ந்து வீராணம் ஆனது. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' நாவலில் வந்தியத்தேவன் முதலில் குதிரையில் வருவது இந்த ஏரிக்கரையில்தான். பல வாசகர்கள் அதற்காகவே வருகிறார்கள்.

முழுக் கொள்ளளவு 47.5 அடி, 1.465 டிஎம்சி. கொள்ளிடத்தில் கீழணையிலிருந்து வடவாறு வழியாகத் தண்ணீர் வருகிறது. காவிரியில் தண்ணீர் வந்தால்தான் இங்கேயும் வரும். சுமார் 45 ஆயிரம் ஏக்கர் பாசனத்துக்கு இந்த ஏரிதான் ஆதாரம். சென்னைக்கும் இதே ஏரியிலிருந்துதான் போகிறது. தண்ணீர் குறையும் வருடங்களில் வயலுக்கா, சென்னைக்கா என்ற கேள்வி இங்கே எழாமல் இருப்பதில்லை.

கரையில் வண்டியை நிறுத்தினால் ஒரு பக்கம் கடல் போல ஏரி, மறுபக்கம் கீழே வயல். லால்பேட்டை பக்கம் வெற்றிலைக் கொடிக்கால்களும் உண்டு. ஏரி மீன் கிடைத்தால் விடாதீங்க. ஏரியில் இறங்கிக் குளிப்பது மட்டும் வேண்டாம். ஆழம் தெரியாது, மதகுப் பக்கம் இழுப்பும் இருக்கும்.

காட்டுமன்னார்கோவில்

வைணவர்களுக்கு இது முக்கியமான ஊர். நாலாயிர திவ்வியப் பிரபந்தத்தைத் தொகுத்த நாதமுனிகளும், அவருடைய பேரன் ஆளவந்தாரும் பிறந்த இடம். இங்கே பெருமாளின் பெயரும் வீரநாராயணப் பெருமாள்தான்.

பக்கத்திலேயே உடையார்குடி அனந்தீஸ்வரர் கோயில். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்ற கேள்விக்கு ஆதாரமாகக் காட்டப்படும் ராஜராஜன் காலக் கல்வெட்டு இருப்பது இங்கேதான். அதில் ரவிதாசன், சோமன், பரமேஸ்வரன் பெயர்கள் வருகின்றன. அது கொலை வழக்குத் தீர்ப்பு இல்லை. துரோகிகள், அவர்களுடைய உறவினர்கள் ஆகியோரின் நிலத்தைப் பறிமுதல் செய்து விற்பது பற்றிய ஆவணம். ஆயிரம் வருடத்துக்கு முன்பும் இந்தப் பகுதியில் நிலம் கைமாறுவதை எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

நேரம் இருந்தால் மேலக்கடம்பூர் போய் வரலாம். சக்கரம், குதிரைகளோடு தேர் வடிவிலேயே கட்டிய கரக்கோயில். சிறிய கோயில்தான், ஆனா சிற்பங்களைப் பார்க்க ஒரு மணி நேரம் வேண்டும்.

கங்கைகொண்ட சோழபுரம்

மாலை 4 மணிக்கு மேல் இங்கே இருக்கிற மாதிரி திட்டமிடுங்க. வெயில் சாய்ந்தபின் கல்லின் நிறமே மாறும். கால் சுடாது என்பது கூடுதல் லாபம். முதலாம் ராஜேந்திரன் கங்கை வரை படை அனுப்பி வென்றதன் நினைவாக எழுப்பிய தலைநகரம் இது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. தஞ்சைப் பெரிய கோயில் விமானம் நேர்க்கோடாக ஏறும், இங்கே உள்பக்கமாக வளைந்து ஏறும். இரண்டையும் பார்த்தவர்கள் வித்தியாசத்தை உடனே சொல்லிவிடுவார்கள். சண்டேசுவரருக்கு சிவன் மலர்மாலை சூட்டும் சிற்பமும், சிங்க முகக் கிணறும் கட்டாயம் பார்க்க வேண்டியவை. அருகில் மாளிகைமேட்டில் அரண்மனையின் அடித்தளம் அகழாய்வில் வெளியே வந்திருக்கிறது.

ராஜேந்திரன் வெட்டிய சோழகங்கம் ஏரியும் அருகில்தான் இருக்கிறது. பொன்னேரி என்றும் சொல்வார்கள்.

இரவு சிதம்பரத்தில் தங்கலாம். சுமார் 45 கி.மீ.

மூன்றாம் நாள்: சிதம்பரம், பிச்சாவரம்

காலை 6 மணிக்கெல்லாம் பிச்சாவரம் கிளம்பிவிடுங்க. சிதம்பரத்திலிருந்து சுமார் 15 கி.மீ. சதுப்புநிலக் காட்டுக்குள் படகுச் சவாரி. துடுப்புப் படகில் போனால்தான் குறுகலான கால்வாய்களுக்குள் நுழைய முடியும். விடுமுறை நாளில் 10 மணிக்கு மேல் வரிசை நீளும். எம்ஜிஆர் நடித்து 1975-ல் வந்த 'இதயக்கனி' படத்தின் காட்சிகள் இங்கே எடுக்கப்பட்டவை. 2004 சுனாமியின்போது இந்தக் காடு பின்னால் இருந்த ஊர்களுக்கு அரணாக நின்றது. சிற்றுண்டிப் பாக்கெட்டையும் பாட்டிலையும் தண்ணீரில் போடாதீங்க.

திரும்பி வந்து நடராஜர் கோயில். நடை மதியம் சாத்திவிடுவாங்க, அதனால் 11 மணிக்குள் உள்ளே இருப்பது நல்லது. தரிசனம் முடித்ததும் காலை டிபனுக்குக் கத்தரிக்காய் கொத்சு. இட்லியோடும் சரி, சம்பா சாதத்தோடும் சரி, சிதம்பரத்தில் சாப்பிட வேண்டிய ஐட்டம் இதுதான்.

சாலை எப்படி இருக்கு?

விக்கிரவாண்டி - தஞ்சாவூர் நான்குவழிச் சாலையில் சேத்தியாத்தோப்பு - சோழபுரம் இடையிலான சுமார் 50 கி.மீ. பகுதி 2025 ஜூலையில் திறந்து வைக்கப்பட்டது. இந்தப் பகுதியில் வண்டி வேகமாகப் போகும். மற்ற இடங்களில் கிளம்பும் முன் மேப் பார்த்துக்கோங்க. கரும்பு டிராக்டர், அறுவடைக் காலத்தில் சாலையில் காயும் நெல், சுரங்கப் பகுதி கனரக லாரி மூன்றும் இந்த வழியில் சகஜம். இரவில் கிராமச் சாலைகளைத் தவிர்ப்பது நல்லது.

கிளம்பும் முன் ஒரு செக் லிஸ்ட்

• கோயில்கள் பெரும்பாலும் மதியம் 12 முதல் 4 வரை மூடியிருக்கும். அந்த நேரத்தைச் சாப்பாட்டுக்கும் ஏரிக்கரைக்கும் வைத்துக்கோங்க.

• வடலூர் தருமச்சாலைக்கு அசைவமோ மதுவோ எடுத்துப் போகக் கூடாது.

• வீராணத்தில் தண்ணீர் எவ்வளவு இருக்கு என்பதை முன்கூட்டியே பார்த்துட்டு போங்க. கோடையில் ஏரி வறண்டும் கிடக்கும்.

• சில்லறைப் பணம் வைத்துக்கோங்க. பலாச்சுளை, நுங்கு, இளநீர் விற்பவர்கள் எல்லோரிடமும் யுபிஐ இருக்காது.

• இரண்டு நாள்தான் இருக்கு என்றால் விருத்தாசலத்தை விட்டுவிட்டு, வடலூரிலிருந்து நேராக சேத்தியாத்தோப்பு வந்துவிடலாம். அப்படி வந்தாலும் அங்கிருந்து சில கி.மீ. மேற்கே திரும்பி வளையமாதேவியைப் பார்த்துட்டு போங்க. நம்ம கரண்ட் பில்லில் வராத கணக்கு ஒன்று அங்கே இருக்கு.